முப்பத்தோராம் நாள்

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் அடுக்கிக் கூட்டிப்போனால், பிள்ளை பெற்று மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, அரைஞாண், பெண்ணுக்குப் புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி என்று வரிசையோடு அனுப்பவேண்டும். முதல் மாதம் முடிந்த கையோடு ஒரு பெண் கைக்குழந்தையுடன் மாமியார் வீட்டு வாசலில் வந்து இறங்கினால், தாய்வீட்டில் சாவு விழுந்திருக்கவேண்டும், இல்லை பெரிய சண்டை நடந்திருக்கவேண்டும். எங்கள் வீட்டில் சாவும் இல்லை, சண்டையும் இல்லை. முப்பதாம் நாள் அம்மா தீட்டுக் கழித்தாள். முப்பத்தோராம் நாள் காலையில் என் கணவருக்குப் போன் போட்டு, வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள்.

அவர் சத்தியவேட்டிலிருந்து வாடகைக் கார் எடுத்துக்கொண்டு விஜயபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுக்கக்கூட அம்மா வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேர்க்கடல புடுங்கற நேரம். என்னால ரெண்டையும் பாத்துக்கினு இருக்க முடியாது. உங்க அத்த நல்லா பாத்துக்கும், போ" என்றாள்.

நைனா, என் அப்பா, நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இறந்துவிட்டார். இரண்டு ஏக்கரையும் என்னையும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவள் அம்மா. அவளுக்கு வேலை அதிகம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வேர்க்கடலை முக்கியமா, பெற்ற பெண் முக்கியமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. கேட்கவில்லை. கார் கதவை ஓங்கிச் சாத்தினேன்.

என் மாமியார் கெட்டவர் கிடையாது. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஆரத்தி கரைத்துக்கொண்டே சொன்னார்: "பொட்டப் புள்ளன்னதும் உங்கம்மாவுக்கு மனசு விட்டுப்போச்சி போலகீது."

அந்தப் பேச்சு அப்படியே எனக்குள் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா செய்த ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சி சொல்வதாகவே இருந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்க வந்தவள் மடியில் வாங்கிக்கொள்ளவில்லை. முதல் மொட்டை அடிக்கத் திருமலைக்குப் போனபோது, "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு முட்டி வலிக்குது" என்று வராமல் இருந்துவிட்டாள். குழந்தை தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்து நிற்கப் பார்த்தால், மெதுவாக விரல்களை விடுவித்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போவாள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவாள். எங்கள் வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவள் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, பசியில்லை என்பாள். திமிர் என்று நினைத்தேன். சொந்தக்காரர்களில் சிலரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

நான் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வரிசையாக வரும் பாகங்களில் எதில் கீறல், எதில் விரிசல் என்று பார்த்துப் பார்த்து ஒதுக்கிவைக்கும் வேலை. எட்டு மணி நேரத்தில் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டியிருக்கிறார். பத்து வருடம் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

போன வருடம் நைனாவின் திவசத்துக்கு நான் மட்டும் போயிருந்தேன். வருடத்தில் அந்த ஒரு நாளும் பொங்கலும்தான் போவது. போனோம், படைத்தோம், சாப்பிட்டோம், கிளம்பினோம் என்று இருக்கும். அன்றைக்குக் காலை பத்து மணிக்கு வடை சுட மாவு அரைத்து வைத்துவிட்டு அம்மாவைத் தேடினால் ஆளைக் காணோம். பின்பக்கம் குளியலறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன். பதில் இல்லை. இன்னொரு தடவை தட்டினேன்.

"வரேன், நீ போ" என்றாள். குரல் சரியில்லை.

நான் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் தெருவே கேட்கும். கதவை உடைத்துவிடுவேன் என்று சொன்னேன். தாழ்ப்பாள் திறந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகமெல்லாம் வேர்வை. விடியற்காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, வயிறு கல்லாகிவிட்டது என்றாள். கீழே ஒரு பழைய வேட்டித் துணி மடித்து, நாடா வைத்துத் தைத்து, இடுப்பில் கட்டும்படியாகக் கிடந்தது. அதில் இரத்தக் கறை இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் ஏது இரத்தம் என்று புடவையை விலக்கச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே விலக்கினேன்.

பார்த்ததை எழுதத்தான் வேண்டும். இரண்டு தொடைகளுக்கு நடுவில், உள்ளே இருக்கவேண்டியது வெளியே வந்திருந்தது. ஒரு கைப்பிடி அளவுக்குச் சதை. துணி உரசி உரசி ஒரு பக்கம் புண்ணாகியிருந்தது.

"அடி எறங்கிப்போச்சி" என்றாள் அம்மா, ஏதோ கூரை ஓடு நழுவிவிட்டது என்று சொல்லும் குரலில். "வெரலால உள்ள தள்ளிக்கினா ஒண்ணுக்குப் போயிடும். இன்னிக்கித்தான் இன்னான்னு தெரியல, உள்ள போவமாட்டேங்குது."

நகரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குழாய் போட்டுச் சிறுநீர் எடுத்தார்கள். அங்கிருந்த நர்ஸ், கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, இதற்கெல்லாம் திருப்பதிதான் என்று சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வடை மாவு புளித்துப் போயிற்று. நைனாவுக்கு அந்த வருடம் திவசம் நடக்கவில்லை.

திருப்பதியில் எங்களைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கலாம். அம்மாவைப் பரிசோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே தெலுங்கில் கேட்டார்: "எப்பட்டினுஞ்சி அம்மா?"

எப்போதிலிருந்து. அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நா கூத்துருக்கி பாப்ப புட்டினப்புடு."

என் மகளுக்குப் பாப்பா பிறந்தபோது. எனக்குத் தெலுங்கு தெரியும். நான் பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் தமிழில் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சொல்லாதது மாதிரி என்று நினைத்துக்கொண்டாள்போல. டாக்டர் கேட்கக் கேட்க, அம்மா தெலுங்கிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருக்கோடிக் குழாயிலிருந்து காலையும் மாலையும் குடம் குடமாகச் சுமந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் ஊற்றவேண்டும், பிள்ளைக்குத் தனியாக ஊற்றவேண்டும். இருபத்தாறாம் நாள், அடுப்பிலிருந்து வெந்நீர் அண்டாவை இறக்கும்போது உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. அண்டாவைக் கீழே வைத்தாள். மணையில் உட்கார்ந்து, காலை நீட்டி, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டினாள். துவட்டி, சாம்பிராணி காட்டி, பொட்டு வைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு, அப்புறம்தான் போய் என்னவென்று பார்த்தாள். அதற்கு மேல் ஐந்து நாள் மறைத்தாள். உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்ட முடியவில்லை. இரத்தம் படத் தொடங்கியது. அந்த இரத்தத்தோடு பச்சைக் குழந்தையைத் தொடக்கூடாது என்று பயம். அதனால் அனுப்பிவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னாள். நான் போய் ஆறாவது மாதம் தனியாகச் சித்தூருக்குப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறாள். ஆபரேஷன் செய்யலாம், கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பெண்ணையோ மருமகளையோ அழைத்து வா என்று சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தவள் திரும்பப் போகவில்லை.

அந்த ஆறாவது மாதம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா போன் செய்தால் எடுக்காமல் இருந்தேன்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தேன். உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தாள். என்னால் மெதுவாகப் பேச முடியவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா? நான் இன்னா செத்தா போய்ட்டேன்?" என்று கேட்டேன். பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொன்னா? நீ அப்பதான் பெத்து எழுந்துக்கினு கீற. பச்ச ஒடம்பு. நமக்கும் இப்டி ஆவும்னு பயந்துக்குவ. அப்புறம் இன்னொண்ணு பெத்துக்கவே மாட்டன்னுடுவ."

இன்னொன்று நான் பெற்றுக்கொள்ளவில்லை. கணவர் எவ்வளவோ கேட்டார். எந்தத் தாய்வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொள்வது என்ற வீம்பில் வேண்டாம் என்றேன். அதை அந்தப் பெஞ்சில் வைத்து அம்மாவிடம் சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போய்க் கடை மறைவில் நின்று அழுதேன்.

புண் ஆறினால்தான் ஆபரேஷன் என்றார்கள். மருந்தில் நனைத்த துணியைத் தினமும் உள்ளே வைத்துப் பத்து நாள் வார்டில் படுக்கவைத்தார்கள். அந்தப் பத்து நாளும் நான் லீவு போட்டுக் கூட இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் சாந்திபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் இதே தொந்தரவு. அவளுக்கு எங்கே வலி என்று டாக்டர் கேட்டால் அவள் புருஷன்தான் பதில் சொல்வார். அவர் டீ குடிக்கப் போனதும் அம்மா அந்தப் பக்கம் திரும்பி, "வலி ஒனக்கா, உன் ஊட்டுக்காரருக்கா?" என்று கேட்டாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அம்மாவுக்கு இப்படிப் பேசத் தெரியும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இந்தப் பேச்சையெல்லாம் என் பெண் கேட்டு வளர்ந்திருக்கலாம்.

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். வயிற்றைக் கிழிக்கப்போவதில்லை. நாலு சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். டிவியில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். தொய்ந்துபோன கொடியை இழுத்துக் கட்டுகிறோம் இல்லையா, அதுபோலக் கர்ப்பப்பையை மேலே தூக்கி, வலைபோன்ற ஒரு பட்டையால் முதுகெலும்பின் அடி எலும்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். ஆனால் மூன்று மாதம் எடை தூக்கக்கூடாது, குந்தி உட்காரக்கூடாது.

"கொடம்கூடவா?" என்று கேட்டாள் அம்மா.

"குடமும்தான்."

"கொழந்த?"

"எத்தனை வயசுக் குழந்தை?"

"பத்து" என்றாள் அம்மா.

பத்து வயதுப் பிள்ளையை யாரம்மா தூக்குவார்கள் என்று டாக்டர் சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்துவைத்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் அன்று காலை ஒன்பது மணிக்கு அழைத்துப்போனார்கள். பிற்பகல் ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று தன் மொபைலில் ஒரு படத்தைக் காட்டினார். முன்னால் இப்படி இருந்தது, இப்போது இப்படி என்று விரலால் தள்ளிக் காட்டினார். வெளிர் சிவப்பில் கொய்யாக்காய் அளவுகூட இல்லாத ஒன்று, மேலே ஏறித் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. இதற்குள்ளா நான் இருந்தேன் என்று நினைத்தேன். டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. சரிங்க மேடம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அம்மா தன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நாலு இடத்தில் பிளாஸ்திரி. பிரித்துப் பார்த்தால் பெரிய பொட்டு அளவுகூடக் காயம் இல்லை.

"இவ்ளோதானா" என்றாள். இதற்குத்தானா பத்து வருடம் என்று அவள் மனதில் ஓடியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவளைக் கேட்கவில்லை. என் மனதில் ஓடியது அதுதான்.

வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "உங்க அத்தகிட்ட கர்ப்பப்பைன்னு சொல்லாத. மாப்ளகிட்டயும் சொல்லாத. பித்தப்பைல கல்லுன்னு சொல்லு. அதுக்கும் இதே மாதிரிதான் ஓட்ட போடுவாங்களாம், நர்ஸம்மா சொல்லிச்சி."

அப்படியே சொன்னேன். சத்தியவேட்டில் என் வீட்டில் மூன்று மாதம் வைத்துக்கொண்டேன். குந்தக்கூடாது என்பதால் உட்காரும் கக்கூஸ் கட்டினோம். காலையில் கம்பெனிக்குப் போகுமுன் வெந்நீர் வைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, முதுகில் ஊற்றுவேன். முதல் வாரம் கூச்சத்தில் சுருண்டுகொண்டாள். அப்புறம் பழகிவிட்டது. என் மாமியார் மிச்சம் மீதிக் கல் கரைய வாழைத்தண்டுச் சாறு பிழிந்து பிழிந்து கொடுத்தார். அம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள். இரண்டாம் மாதம், புதிதாக வாங்கிப்போட்ட சாப்பாட்டு மேசையில் எங்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். உட்கார்ந்து சாப்பிடுவது இவ்வளவு பெரிய சுகம் என்று முகத்தில் தெரிந்தது. நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

என் பெண் முதலில் அவளிடம் ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நடந்துகொள்வதைப்போல, கேட்டால் பதில், கொடுத்தால் வாங்கிக்கொள்வது என்று இருந்தாள். மூன்றாம் மாதம்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தாள். அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். இன்னும் சில நாளில் அம்மா ஊருக்குக் கிளம்பவேண்டும் என்கிற சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். நான் கூடத்தில் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா பின்னலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆயா, இப்ப என்ன உனக்குப் புடிக்குமா?" என்று கேட்டாள் என் பெண்.

"இன்னா கேள்வி இது. ஏன் புடிக்காது?"

"அப்ப புடிக்கலதான? நான் பொண்ணா பொறந்தேன்னு முப்பத்தோராம் நாளே தொரத்திட்டியாமே. அம்மா சொல்லிச்சி."

சொன்னது உண்மைதான். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவளுக்கு ஐந்து வயது ஆனதிலிருந்து. படிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தால் சொல்வேன். உன்னைப் பெண் என்று வேண்டாம் என்றவர்கள் முன்னால் நீ பெரிய ஆளாக வரவேண்டும் என்று வீரமாகச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு, பின்னல் போட்டுவிடும் கைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ரிப்பனைப் பிடித்திருந்த கைகளில் ஒன்றை மட்டும் எடுத்து, மடிக்கு மேலே கொஞ்சம் உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினாள்.

"ஆமா கண்ணு" என்றாள். "ஆயாவுக்கு அப்போ புத்தி இல்ல. பொட்டப் புள்ளன்னு நெனச்சி தப்பு பண்ட்டேன்."

"பரவால்ல, வுடு" என்று என் பெண் பெரிய மனுஷிபோலச் சொன்னாள். அம்மா ரிப்பனை முடிந்து, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினாள்.

அவள் விளையாடப் போனதும் நான் அம்மாவிடம் போனேன். செய்யாத தப்பைச் செய்ததாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ள. கேட்டா பயந்துக்கினு கெடக்கும். அதுக்குக் கல்லுன்னே இருக்கட்டும்" என்றாள்.

நாலு நாள் கழித்து ஊருக்குப் போனாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். என் பெண் இப்போது ஆயாவிடம் தினமும் போனில் பேசுகிறாள். தன்னை முதலில் பிடிக்காத ஆயா பிறகு மனம் மாறிவிட்டதாகத் தன் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன், அம்மா தடுத்துவிட்டாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். அவள் கையை உயர்த்தியபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது என்பதும் உண்மை.